மூன்று மக்களும் நிற்கும் படம்

போட்டோவுக்கு நிற்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஏமானே. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். மூச்சை அடக்கினால் தோள் ஏறிவிடும், கழுத்து உள்ளே போய்விடும், கண் பிதுங்கும். கடைசியில் படத்தில் இருப்பவன் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி தெரிவான். பாதி மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே நிற்க வேண்டும். நாகர்கோவில் போட்டோக்காரர் வைகுண்டராஜன் சொல்லித் தந்தது இது. தங்கமான மனிதர். என் அப்பா அவருடைய போட்டோப் பெட்டியை உதைத்துத் தள்ளியபோதுகூட அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது ஒரு சின்ன வேண்டுகோளோடு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள். அதனால் வரிசையாகவே சொல்லிவருகிறேன். ரைட்டர் பதறாமல் எழுதட்டும். அவசரத்தில் எழுத்து கோணிப்போனால் பிறகு கோர்ட்டில் நீங்கள்தான் திண்டாட வேண்டியிருக்கும்.

என் பெயர் ததேயுஸ். ஊர் கடியப்பட்டணம். அப்பா மரியஜான், அம்மா மதலேனாள். நான் மூத்தவன். எனக்கு இளையவள் குளோரி, அவளுக்கு இளையவன் இன்னாசி. எங்கள் கரையில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் கடலுக்குப் போக வேண்டும். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கினேன். தக்கலைச் சந்தையில் விசாரித்துப் பாருங்கள். ததேயுஸ் கருவாட்டில் மண் இருக்காது, புழு இருக்காது என்பார்கள். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது என் குணம். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடலுக்குப் போகாதவன் என்று குத்திக் கரைப்பயல் என்பார். ஊர் நடுவே வைத்தும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு திருக்கை வால் தொங்கும். திருக்கை மீனின் வாலைக் காயவைத்து, எண்ணெய் தடவித் தடவி வளைய வைத்தது. உடல் முழுக்கச் சொரசொரவென்று இருக்கும். கரையில் பல வீடுகளில் அது உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு ஓய்வு கிடையாது. ஒருநாள் வலையைச் சிக்கலாக்கினான் என்று இன்னாசிக்கு விழுந்த அடியில் முதுகுத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அம்மா வெந்நீர் விட்டு விட்டு அந்தச் சட்டையைப் பிரித்தெடுத்தாள். புண் ஆறியதும் பயல் தூத்துக்குடி போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான். குளோரி கொல்லத்துக்காரன் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அடியைத் தடுக்க நீட்டிய கையில் அவளுக்கு இரண்டு விரல் முறிந்தது. அந்தக் கோணல் விரலில்தான் கொல்லத்துக்காரன் மோதிரம் போட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கடியப்பட்டணத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நான் மட்டும் இருந்தேன். எனக்கும் அடி விழத்தான் செய்தது. ஆனால் அம்மாவுக்கு என்று ஒருவர் வேண்டும் அல்லவா.

தக்கலையில் ஒரு வக்கீல் வீட்டுக்கு நான் வாடிக்கையாகக் கருவாடு கொண்டுபோவேன். அவர் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அவருடைய அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் பின்னால் வரிசையாக நின்றார்கள். மூத்தவர் கை அப்பாவின் தோளில் இருந்தது. நான் கூடையை இறக்கி வைக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். வக்கீல் சிரித்துவிட்டுச் சொன்னார். பிள்ளைகள் சேர்ந்து போட்டோக்காரரை வீட்டுக்கே வரவழைத்துப் பெற்றவர்களுக்குக் கொடுத்த பரிசாம் அது. அப்பா காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்பு இதைத்தான் பார்ப்பாராம்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. வேட்டி எடுத்துக் கொடுத்தால் கிழிந்துவிடும். பலகாரம் வாங்கிக் கொடுத்தால் தின்று தீர்ந்துவிடும். ஒரு படம் அப்படி இல்லை. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கொடுக்கக்கூடியதில் அதைவிடப் பெரிது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப்பத்து, ஆனி மாதம், பேதுரு பவுல் திருவிழா. வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஊர் திரும்பும் நேரம். குளோரிக்கும் இன்னாசிக்கும் எழுதிப் போட்டேன். வைகுண்டராஜனையும் ஏற்பாடு செய்தேன். அவர் பெட்டி, மூன்று கால் தாங்கி, கண்ணாடித் தகடுகள், பூந்தொட்டி வரைந்த திரைச்சீலை எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். கோயிலில் கேட்டுக் கை வைத்த நாற்காலி இரண்டு கொண்டுவந்து முற்றத்தில் போட்டேன். அப்பா ஒன்றில் உட்கார்ந்தார். அம்மா வெள்ளைச் சேலை கட்டி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. போட்டோக்காரர், இருப்பவர்களை வைத்துப் பிடித்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னார். நான் போய் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று, வக்கீல் வீட்டுப் படத்தில் பார்த்த மாதிரி, அப்பாவின் தோளில் கை வைத்தேன்.

அவர் எழுந்துவிட்டார். போட்டோக்காரரைப் பார்த்துத்தான் பேசினார். "இந்தக் கரைப்பயலுக்கு முன்னால நான் இருந்து படம் புடிச்சா, பாக்கவன் காறித் துப்பமாட்டானா?" பிறகு உள்ளே போய்த் திருக்கை வாலை எடுத்துவந்தார்.

எனக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது, ஏமானே. திருவிழாவுக்கு வந்த சனம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. காது கிழிந்து ரத்தம் புதுச் சட்டைக் காலரில் இறங்கியது. நான் அசையவில்லை. படத்துக்கு நிற்கிற மாதிரியே நின்றேன். அடிக்கிற கை ஓய்ந்ததும் அவர் போட்டோப் பெட்டியை ஓர் உதை விட்டார். கண்ணாடி உடைந்தது. வைகுண்டராஜன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். நானும் கூட உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தேன். கண்ணாடி கீறி அவருடைய விரலில் ரத்தம் வந்தது. எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

அம்மா என் முதுகில் எண்ணெய் போட்டுவிடும்போது ஒன்று சொன்னாள். அதை மட்டும் ரைட்டர் அப்படியே எழுத வேண்டும். "மக்கா, ஒங்க மூணு பேரையும் ஒரு வரிசையில நிறுத்திக் கண்ணு நெறயப் பாக்கணும். அது இந்த மனுசன் இருக்கது வரைக்கும் நடக்காது."

அம்மா வேண்டாத வார்த்தை பேசுகிறவள் இல்லை. அவள் வாழ்நாளில் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அவர் இருக்கும்வரை அவர்கள் இரண்டு பேரும் வரமாட்டார்கள். இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நாலு என்கிற மாதிரியான விஷயம் அது.

ஆடி மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கொச்சியிலிருந்து மகள், கொழும்பிலிருந்து மகன், வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த மருமகன் எல்லாரும் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை முற்றத்தில் பெஞ்சின் மேல் சற்றுச் சாய்த்து, முகம் தெரிகிற மாதிரி வைப்பார்கள். துணைவியை நெஞ்சுக்கு நேரே உட்கார வைத்து, பெற்ற மக்கள் எல்லாரும் சுற்றி நின்று போட்டோ பிடிப்பார்கள். தலைமாட்டில் மூத்த மகன் நிற்பான். கரையில் பலருக்கு வாழ்நாளில் கிடைக்கிற ஒரே படம் அதுதான். அந்தப் பெரியவரின் மனைவி, பெற்ற மக்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்து அழுத அழுகையில் பாதி சந்தோஷம் இருந்தது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. திருவிழாவுக்கு வராதவர்கள் இதற்கு வருகிறார்கள். பேசாதவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். அம்மாவுக்கு நான் கொடுக்க நினைத்த பரிசுக்கு வழி இருக்கத்தான் செய்கிறது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் கரையில் பிணம் தாங்காது. இன்று செத்தால் நாளைக்கு அடக்கம். இன்னாசியோ கொழும்பில் இருக்கிறான். தந்தி கிடைத்து, ரயில் பிடித்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, திருநெல்வேலி வந்து, ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் நாகர்கோவில் வருவதற்குள் இங்கே குழியில் புல் முளைத்துவிடும். அவன் இல்லாமல் எடுக்கிற படம் அம்மா கேட்ட படம் ஆகாது. அப்படியானால் அவன் முன்கூட்டியே புறப்பட வேண்டும். இதைச் சிலர் சூது என்பார்கள். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஒரு தரம் அப்படித்தான் கொடுத்தேன். அவன் ஒரு டின் பிஸ்கட் அனுப்பிவைத்தான். ஆகவே ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நாகர்கோவில் தந்தி ஆபீசுக்குப் போய், அப்பா இறந்துவிட்டார், உடனே புறப்படு என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் நல்லவர். அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். எழுபதுக்குப் பக்கம், நல்ல திடகாத்திரமான உடம்பு என்றேன். மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அது வேஷம் இல்லை. அப்பாவை நினைத்து எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

தந்தி போன பிறகு பேச்சுக்கு இடம் இல்லை. நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை, ஏமானே. எழுதிக் கொடுத்தது மெய்யாக வேண்டும்.

அந்த இடைப்பட்ட நாட்களில் அப்பாவை நன்றாகவே கவனித்துக்கொண்டேன். அவருக்குப் பிடித்த நண்டு வாங்கிவந்தேன். புதன்கிழமை முடிவெட்டுகிறவரை வீட்டுக்கு வரவழைத்து முகத்தைச் சீராக மழித்து, மீசையை ஒதுக்கிவிடச் சொன்னேன். படத்தில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "என்னலே, புதுசாப் பாசம் பொங்குது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் வழக்கம்போலத் தூண்டில் போடப் பாறைக்குப் போனார். நல்ல வெளிச்சம் வந்திருந்தது. நான் பின்னால் போனேன். வலை தாழ்வதற்குக் கட்டுகிற கல் ஒன்றைத் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். முகத்தில் காயம் படக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதனால் பின்மண்டையில் அடித்தேன். தேங்காய் உடைகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஈரச் சாக்கை அடித்த மாதிரிச் சத்தம் வந்தது. அவர் விழவில்லை. இன்னொன்று அடித்தேன். அப்போதுதான் முழங்கால் மடங்கியது. ரத்தம் கண்ணில் இறங்கி அவருக்குப் பார்வை மறைந்துவிட்டது. வழுக்கி விழுந்து அடிபட்டதாகவே நினைத்திருப்பார் போலும். காற்றில் கையை நீட்டித் துழாவினார். "ததேயுசே, பிடிலே" என்றார்.

என் பெயரைச் சொன்னார். எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்ன பிடி, வயதானவர் பிடியா அது. அப்படியே பாறைகளுக்கு நடுவே தேங்கிக் கிடந்த தண்ணீரில் அவரைக் கவிழ்த்து, முதுகில் முழங்காலை ஊன்றினேன்.

அங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தப் பாறை முழுக்கச் சிப்பி. ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நிற்கும். அவர் தலையை உதறுகிற உதறலில் முகம் கிழிந்துவிடும். அதனால் இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு அவர் முகத்துக்கு அடியில் கொடுத்தேன். உள்ளங்கையில் அவர் முகம், புறங்கையில் சிப்பி. அவர் உதற உதற என் புறங்கைத் தோல் நார் நாராகப் போயிற்று. இதோ பாருங்கள், எலும்பு தெரிந்த இடம் இது. அவர் என் விரலைக் கடித்தார். மூச்சு குமிழ் குமிழாக விரலிடுக்கில் வந்தது. கால் வெகுநேரம் பாறையை உதைத்துக்கொண்டே இருந்தது. அடங்குவதற்கு நான் நினைத்ததைவிட அதிக நேரம் ஆயிற்று. கையை எடுக்கவே இல்லை. புரட்டிப் பார்த்தபோது முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஒரு மகன் அப்பாவுக்கு இதைவிட வேறு என்ன செய்வான்.

பிறகு கூப்பாடு போட்டேன். ஆட்கள் ஓடிவந்தார்கள். பாறையில் வழுக்கி விழுந்தார், மகன் கையைக் கிழித்துக்கொண்டு இழுத்துப் போட்டிருக்கிறான் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பங்குச் சாமியார்கூட என் தோளைத் தட்டினார். அன்றைக்கு ஊரில் ஒருவர்கூட என்னைக் கரைப்பயல் என்று சொல்லவில்லை. குளோரிக்கும் போட்டோக்காரருக்கும் ஆள் ஓடியது.

பகல் உச்சியைத் தாண்டும்போது இன்னாசி வந்து நின்றான். தோல் பெட்டி, கோட்டு, கொழும்புச் செருப்பு. அம்மா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறிக்கொண்டே இருந்தவள் சட்டென்று அவன் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். எப்போது புறப்பட்டாய் என்று கேட்டாள். தந்தி கிடைத்த திங்கட்கிழமையே என்றான் அவன். அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. திங்கட்கிழமை அப்பா அவள் கையால் சோறு தின்று, உப்பு குறைவு என்று தட்டை விட்டெறிந்திருக்கிறார்.

இன்னாசியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சாதாரணமாகச் சொன்னால் நீ வரமாட்டாய் என்று அப்படிக் கொடுத்தேன், அது பலித்துவிட்டது, என்ன பாவமோ என்றேன். அவன் நம்பினான். அவனுக்கு நம்ப வேண்டியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் படம். குளோரி வந்துவிட்டாள். பழைய உதையை மனதில் வைக்காமல் வைகுண்டராஜனும் வந்தார். சவப்பெட்டியைச் சாய்த்து வைத்தோம். அப்பாவின் முகம் அழகாக இருந்தது, உறங்குகிற மாதிரி. அம்மா நெஞ்சுக்கு நேரே உட்கார்ந்தாள். குளோரியும் இன்னாசியும் கால்மாட்டுப் பக்கம் நின்றார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு உண்டான நிறைவை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

அம்மா கையை உயர்த்தினாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு எழுந்து என்னிடம் வந்தாள். என் இடது கையைப் பிடித்து, காயத்துக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்தாள். புறங்கையைப் பார்த்தாள். பிறகு திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அவள் சிப்பிப் பாறையில் பிறந்து வளர்ந்தவள். ஆளை இழுத்துத் தூக்குகிறவனுக்குப் பாறையில் ஊன்றும் உள்ளங்கைதான் கிழியும் என்று அவளுக்குத் தெரியும். என் உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை. விரலில் மட்டும் பல் பட்ட தடம் இருந்தது.

அவள் கட்டைத் திரும்பச் சுற்றினாள். பொறுமையாக, முடிச்சுப் போட்டு, வலிக்காமல் சுற்றினாள். பிறகு என் காதருகே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். "நீ தள்ளி நில்லு மக்கா."

தள்ளி நின்றேன். போட்டோக்காரர் தலையை வெளியே எடுத்து, மூத்தவர் நிற்கவில்லையா என்று கேட்டார். இவ்வளவு பேர் போதும் என்றாள் அம்மா. கடல்காற்றில் அவருடைய கறுப்புத் துணி பறந்துகொண்டே இருந்தது. அது பறக்காமல் நான்தான் பிடித்துக்கொண்டேன். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டினார். முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை கழிந்து இருவரும் போய்விட்டார்கள். படம் கண்ணாடி போட்டு வந்தது. அம்மா அதைச் சுவரில் மாட்டினாள். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்குச் சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், கை ஆறும்வரை மருந்து போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். ஒருநாள் கேட்டேன். நீ கேட்ட படம்தானே அம்மா, உனக்காகத்தானே இவ்வளவும் என்றேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "பாக்கவங்க எனக்கு ரெண்டு மக்கதான்னு நெனச்சுக்கட்டும்."

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அடி தாங்குவேன், வசவு தாங்குவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். அடுத்தபடி என்னைப் பார்ப்பார்கள். ஒரு வேலை பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது. அம்மாவுக்கு நான் கொடுத்த பரிசு குறையாக இருக்கிறதே என்று எனக்கு உறக்கம் வருவதில்லை. அதைச் சரிசெய்யாமல் விட்டால் நான் என்ன பிள்ளை?

இந்தச் சித்திரையில், போன திங்கட்கிழமை, மறுபடியும் தந்தி ஆபீசுக்குப் போனேன். அதே கிளார்க். எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவுமா என்று கேட்டு, எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா பேரில் கொடுத்த தந்தி பலித்ததைப் பார்த்தவன் இன்னாசி. இந்தத் தடவை ஒரு ரயில்கூடத் தவறவிடமாட்டான்.

இன்று காலை நன்றாக விடிந்த பிறகு, தலையணையை எடுத்துக்கொண்டு அவள் படுத்திருந்த இடத்துக்குப் போனேன். உறங்குகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். கையில் இருந்த தலையணையையும் பார்த்தாள். கூச்சல் போடவில்லை.

"இன்னாசிக்குத் தந்தி குடுத்திட்டியா?" என்று கேட்டாள்.

"குடுத்தாச்சும்மா" என்றேன்.

அவள் சேலையை இழுத்துக் கால்வரை மூடிக்கொண்டாள். ஆக, அவளுக்குச் சம்மதம்தான். அது இல்லாமல் நான் செய்திருக்கமாட்டேன். ஆனாலும் உடம்பு சம்மதிக்காது. தலையணையை அழுத்தியதும் அவள் கை என் மணிக்கட்டைப் பிராண்டியது. குதிகால் தரையைத் தேய்த்தது. பாயின் ஓரம் முழுக்கப் பிய்ந்துவிட்டது. விலாவில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பாரத்தைக் குறைத்துக்கொண்டேன், ஆனால் விடவில்லை. அப்பாவைவிட அவள் சீக்கிரமே அடங்கிவிட்டாள். பிறகு முகத்தை ஈரத்துணியால் துடைத்து, தலை வாரி, வெள்ளைச் சேலை கட்டிவிட்டேன். ஈ மொய்க்கக் கூடாது என்று கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சாவி இதோ.

ஆமாம், ஏமானே. என் அப்பா மரியஜானைக் கொன்றது நான்தான். என் அம்மா மதலேனாளைக் கொன்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இனி என் வேண்டுகோள். அம்மாவும் விழுந்து செத்தாள் என்று சொல்ல முடியாது, என் கையில் அவள் நகம் பட்ட தடம் இருக்கிறது. நீங்கள் எப்படியும் உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அறுக்கச் சொல்வீர்கள். உங்கள் கடமை, நான் குறை சொல்லவில்லை. அதைப் படம் பிடித்த பிறகு செய்யுங்கள். அதைக் கேட்கத்தான் நானாக நடந்து வந்தேன். இன்னாசி இன்றைக்கு வந்துவிடுவான். குளோரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். வைகுண்டராஜன் மூன்று மணிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, படம் முடிந்த பிறகு நினைத்துக்கொள்ளட்டும்.

நான் எங்கும் ஓடிவிடமாட்டேன். விலங்கு போட்டே கூட்டிப்போங்கள். கையைச் சவப்பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் படத்தில் தெரியாது. தலைமாட்டில்தான் நிற்பேன், மூத்தவன் இடம் அது. அம்மா கேட்ட படத்தை நான் முடித்தாக வேண்டும். இந்தத் தடவை என்னைத் தள்ளி நிற்கச் சொல்ல அவள் இல்லை.